வலைச் செயலிக்கு எந்தக் கோப்பு வரை அனுமதி?

வலைச் செயலி ஒன்றைச் சொந்தக் கணினியில் எழுதி முடித்து சர்வரில் ஏற்றியதும் பலருக்கு முதலில் கண்ணில் படும் பிழைச்செய்தி 'பெர்மிஷன் டினைடு'. மடிக்கணினியில் ஒழுங்காக ஏறிய புகைப்படம் சர்வரில் ஏற மறுக்கிறது. இணையத்தில் தேடினால் உடனே கிடைக்கும் விடை, அந்தக் கோப்புறைக்கு 777 போடு என்பது. போட்டதும் படம் ஏறிவிடுகிறது. வேலை நடந்துவிட்டதால் அந்தக் கோப்புறையின் பக்கம் யாரும் மறுபடி போவதில்லை. அந்தக் கணினியில் எந்தக் கணக்கில் ஓடும் எந்த நிரலும் இனி அந்தக் கோப்புறையைப் படிக்கலாம், மாற்றலாம், அதிலுள்ளதை அழிக்கலாம் என்று எழுதிக் கொடுத்தாயிற்று.

வலைச் செயலியில் ஓடும் நிரலுக்கு எந்தெந்தக் கோப்புகளை எந்த அளவுக்குத் திறந்துவிடுவது என்ற கேள்விக்கு அரை நூற்றாண்டாக விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. இயங்குதளம் ஒரு விடை வைத்திருக்கிறது. நிரல்மொழிகள் பல விடைகளைச் செய்து பார்த்துவிட்டுக் கைவிட்டிருக்கின்றன. உலாவி வேறொரு வழியில் போயிருக்கிறது. இவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது: நிரலுக்கு வெளியே நின்று காத்த ஏற்பாடுகள் நிலைத்தன, நிரல் ஓடும் அதே இடத்துக்குள் வைத்த காவல்கள் ஒவ்வொன்றாக விலக்கிக்கொள்ளப்பட்டன. எதைப் படிக்கலாம் என்று யோசிப்பதற்கு முன் எதை எழுதலாம் என்பதை முடிவு செய்ய வேண்டும் என்பதும் இந்த வரலாற்றிலிருந்தே தெரிகிறது. இந்த இரண்டையும்தான் இங்கே நிறுவ முயல்கிறேன்.

ஒரே கணக்கு, நூறு தளங்கள்

1970-களில் பெல் ஆய்வகத்தில் வளர்ந்த யூனிக்ஸ், ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளரையும் ஒரு குழுவையும் வைத்தது. உரிமையாளர், குழு, மற்றவர் என்று மூன்று தரப்பு. படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று மூன்று உரிமை. கூட்டிப் பார்த்தால் 755, 644 என்ற எண்கள் வந்துவிடும். இவ்வளவு சுருக்கமான ஏற்பாடு இன்றைய லினக்ஸ் சர்வர்களிலும் அப்படியே நிற்கிறது. அது ஓர் அனுமானத்தின் மேல் கட்டப்பட்டது: நிரலை யார் இயக்குகிறாரோ அவருடைய உரிமை அத்தனையும் நிரலுக்கும் உண்டு. ஒரே கணினியைச் சில ஆய்வாளர்கள் பகிர்ந்துகொண்ட காலத்துக்கு அது பொருந்தியது. தன் கோப்பைத் தானே நாசமாக்கும் நிரலை யாரும் தெரிந்தே இயக்கப்போவதில்லை.

வலைச் செயலியில் நிலைமை வேறு. நிரலை இயக்குவது சர்வர் மென்பொருளின் கணக்கு. அதனிடம் பேசுவதோ எங்கோ இருக்கும் முகம் தெரியாத ஆள். அவர் அனுப்பும் எழுத்துகளை நம்பி நிரல் செய்வதெல்லாம் சர்வர் கணக்கின் அதிகாரத்தில் நடக்கிறது. இதனால்தான் டெபியனும் உபுண்டுவும் வெப் சர்வருக்கென்று அதிகாரம் குறைந்த தனிக் கணக்கு ஒன்றை வைத்திருக்கின்றன. விண்டோஸின் ஐஐஎஸ் ஒவ்வொரு அப்ளிகேஷன் பூலுக்கும் தனி அடையாளம் தருகிறது. ரூட் கணக்கில் ஓடவிடக்கூடாது என்ற பாடத்தைப் பெரும்பாலோர் கற்றுவிட்டார்கள். அந்தச் சிறிய கணக்குக்குள் என்னென்ன குவிந்து கிடக்கிறது என்பதைத்தான் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

1990-களின் இறுதியில் மலிவு விலை ஹோஸ்டிங் பரவியபோது இது வெளிப்பட்டது. ஒரே இயந்திரத்தில் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களின் தளங்கள் இருந்தன. பிஎச்பி அப்பாச்சியின் ஒரு பகுதியாக ஓடியதால், எல்லாருடைய நிரலும் ஒரே சர்வர் கணக்கில் ஓடியது. தரவுத்தளக் கடவுச்சொல் இருக்கும் கோப்பை என் தளத்தின் நிரல் படிக்க வேண்டுமானால் சர்வர் கணக்குக்குப் படிக்கும் உரிமை கொடுத்தாக வேண்டும். பக்கத்துத் தளத்துக்காரரின் நிரலும் அதே கணக்குத்தான். ஆகவே என் கடவுச்சொல்லை அவர் நாலு வரி எழுதிப் படித்துவிடலாம்.

இதற்கு பிஎச்பி சொன்ன விடை 'சேஃப் மோட்'. நிரலின் உரிமையாளரும் அது திறக்கப்போகும் கோப்பின் உரிமையாளரும் ஒருவர்தானா என்று பிஎச்பியே பார்த்துவிட்டுத் திறக்கும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பிஎச்பியிலிருந்து கோப்பைத் தொட நூறு வழிகள். ஒவ்வொரு செயற்கூற்றிலும், ஒவ்வொரு விரிவாக்கத்திலும் அந்தச் சோதனையை யாராவது மறக்காமல் எழுத வேண்டும். ஒன்றில் மறந்தாலும் காவல் இல்லை. இந்தச் சிக்கலை பிஎச்பி மட்டத்தில் தீர்க்கப் பார்ப்பதே கட்டமைப்பு நோக்கில் தவறு என்று பிஎச்பியின் கையேடே பின்னால் எழுதியது. 2012-ல் வந்த 5.4 பதிப்பில் அது நீக்கப்பட்டது. குறிப்பிட்ட கோப்புறைக்கு வெளியே போகவிடாத 'ஓபன் பேஸ்டிர்' என்ற அமைப்பு மட்டும் இன்றும் இருக்கிறது. கூடுதல் தடை என்ற அளவில் அதை வைத்துக்கொள்ளலாம், நம்பியிருக்கக்கூடாது.

நிலைத்த விடை வேறு இடத்திலிருந்து வந்தது. 1997-ல் அப்பாச்சி 1.2 பதிப்போடு வந்த 'சுஎக்ஸெக்', ஒவ்வொரு தளத்தின் நிரலையும் அந்தத் தளத்துக்காரரின் கணக்கிலேயே இயக்கியது. பிறகு பிஎச்பி-எஃப்பிஎம் அதையே வேகமாகச் செய்தது. தளத்துக்கு ஒரு கணக்கு என்று பிரித்துவிட்டால், பக்கத்துத் தளத்தின் கோப்பைத் திறக்க முயலும் நிரலை இயங்குதளத்தின் கருவே தடுத்துவிடுகிறது. பிஎச்பியில் எந்தச் செயற்கூற்றை அழைத்தாலும், வெளிக் கட்டளை ஒன்றை இயக்கினாலும், அதே கதவுதான்.

எழுதும் இடமும் இயங்கும் இடமும்

கணக்கைப் பிரித்தால் பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து தப்பலாம். சொந்தத் தளத்தின் ஓட்டை வழியாக வருபவரிடமிருந்து தப்ப அது போதாது. 2011 ஆகஸ்டில் வெளிவந்த டிம்தம்ப் விவகாரம் இதற்கு நல்ல உதாரணம். வேர்ட்பிரஸ் தீம்கள் பலவற்றோடு சேர்ந்து வந்த சிறிய பிஎச்பி கோப்பு அது. வெளித்தளத்திலிருந்து ஒரு படத்தைத் தருவித்து, அளவைக் குறைத்து, தன் 'கேஷ்' கோப்புறையில் எழுதி வைக்கும். ஃப்ளிக்கர், பிளாகர் போன்ற சில தளங்களிலிருந்து மட்டுமே படம் எடுக்கலாம் என்று ஒரு பட்டியலும் அதில் இருந்தது.

அந்தப் பட்டியலைச் சரிபார்த்த விதத்தில் பிழை. முகவரியில் 'பிளாகர்.காம்' என்ற எழுத்துகள் எங்காவது இருந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். தாக்க வந்தவர் தன் தளத்துக்கு அந்தப் பெயரில் தொடங்கும் துணைமுகவரி ஒன்றை வைத்துக்கொண்டால் சோதனையைத் தாண்டிவிடலாம். அவர் அனுப்பியது படம் அல்ல, பிஎச்பி நிரல். டிம்தம்ப் அதைக் கேஷ் கோப்புறையில் எழுதியது. அந்தக் கோப்புறை இணையத்தில் நேரடியாகத் திறக்கக்கூடிய இடத்தில் இருந்தது. முகவரியைத் தட்டியதும் சர்வர் அந்தக் கோப்பை இயக்கியது. தளம் கைமாறிவிட்டது.

பெயர்ச்சோதனைப் பிழையை எல்லாரும் பேசினார்கள். அது ஒரு நாளில் திருத்தக்கூடிய பிழை. எனக்குப் பெரியதாகப் படுவது, நிரல் எழுதக்கூடிய கோப்புறையும் சர்வர் இயக்கக்கூடிய கோப்புறையும் ஒன்றாக இருந்ததுதான். அவை இரண்டும் தனித்தனியாக இருந்திருந்தால், ஏமாந்த டிம்தம்ப் எழுதிய கோப்பு பயனற்ற எழுத்துகளாகக் கிடந்திருக்கும். பதிவேற்றக் கோப்புறையில் பிஎச்பியை இயக்காதே என்று சர்வர் அமைப்பில் ஒரு வரி எழுதுவதும், பதிவேற்றங்களைத் தளத்தின் கோப்புறைக்கு வெளியே வைத்து நிரல் வழியாகவே எடுத்துக் கொடுப்பதும் இதனால்தான் நல்ல வழக்கங்களாயின.

இதையே நீட்டித்தால், செயலிக்குத் தன் சொந்த நிரலையே எழுதும் உரிமை இருக்கக்கூடாது என்ற இடத்துக்கு வந்து சேர்கிறோம். நிரல் கோப்புகளின் உரிமையாளர் ஒரு கணக்கு. அவற்றைப் படித்து ஓட்டுவது வேறொரு கணக்கு. இதற்கு ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. 2013 அக்டோபரில் வந்த வேர்ட்பிரஸ் 3.7, பாதுகாப்புத் திருத்தங்களைத் தானே இறக்கி நிறுவிக்கொள்ளத் தொடங்கியது. அதற்குத் தன் கோப்புகளைத் தானே மாற்றும் உரிமை வேண்டும். கணினி தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாத சிறு கடை, பள்ளிக்கூடம், கோயில் நிர்வாகம் இவற்றின் தளங்களுக்கு அந்தத் தானியங்கித் திருத்தம் செய்த நன்மை மிகப் பெரியது. பூட்டி வைத்துத் திருத்தாமல் விட்ட தளத்தைவிட, திறந்து வைத்து நாள்தோறும் திருத்தப்படும் தளம் மேல். ஆனால் சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்தும் தளங்களுக்கு இந்தச் சாக்கு கிடையாது. அங்கே நிரலை மாற்றும் வேலையை வெளியிலிருந்து, வேறொரு கணக்கில், டெப்லாய்மென்ட் செய்யும்போது மட்டும் செய்யலாம்.

படிக்கும் உரிமையில் வரும் ஆபத்து இதைவிட அமைதியானது. பயனர் கேட்ட கோப்பின் பெயரை நிரல் ஒரு கோப்புறைப் பெயரோடு ஒட்டித் திறக்கிறது, பெயருக்குள் '../' வந்தால் ஒரு படி மேலே போய்விடுகிறது. இது மிகப் பழைய தந்திரம். அப்படியிருந்தும் 2021 அக்டோபரில், கால் நூற்றாண்டு வயதான அப்பாச்சியே 2.4.49 பதிப்பில் இதில் மாட்டியது. புள்ளியைக் குறியீடாக மாற்றி அனுப்பினால் சோதனை அதைக் கண்டுகொள்ளவில்லை. சில நாளில் வந்த 2.4.50 திருத்தமும் முழுமையாக இல்லாமல், 2.4.51 வர வேண்டியிருந்தது. மூலக் கோப்புறை முழுவதையும் மறுத்துவிட்டுத் தேவையானதை மட்டும் திறந்திருந்த சர்வர்கள் அப்போதும் தப்பின. பிழை நிரலில் இருந்தது. அதைத் தாங்கியது அனுமதி அமைப்பு.

வழியைச் சரிபார்ப்பதில் நிரலாளர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முழு வழி 'தரவு/படங்கள்' என்று தொடங்குகிறதா என்று மட்டும் பார்த்தால், 'தரவு/படங்கள்-பழையது' என்ற கோப்புறையும் சோதனையில் தேறிவிடும். குறியீட்டு இணைப்பு எனப்படும் சிம்லிங்க் ஒன்றை உள்ளே வைத்தால், எழுத்தளவில் சரியாக இருக்கும் வழி வேறெங்கோ கொண்டுபோய்விடும். சோதித்த நொடிக்கும் திறந்த நொடிக்கும் இடையில் இணைப்பை மாற்றிவிடவும் முடியும். லினக்ஸ் கரு 2020-ல் வந்த 5.6 பதிப்பிலிருந்து, 'இந்தக் கோப்புறையைத் தாண்டாமல் திற' என்று கருவிடமே கேட்கும் வசதியைத் தருகிறது. கோ மொழியின் 1.24 பதிப்பு 2025 பிப்ரவரியில் 'ஓஎஸ்.ரூட்' என்று இதையே நிரலாளர் கைக்குக் கொண்டுவந்திருக்கிறது. எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனைகளை விட்டுவிட்டு இவற்றுக்கு மாறுவதுதான் சரி.

நிரலுக்கு நிரல் வேறு உரிமை

ஒரே செயலிக்குள் எல்லா நிரலும் ஒரே அளவுக்கு நம்பத்தக்கது அல்ல. நாம் எழுதியது ஒன்று, வெளியிலிருந்து எடுத்துச் சேர்த்த லைப்ரரிகள் வேறு. அப்படியானால் ஒவ்வொரு நிரல்துண்டுக்கும் தனித்தனியாகக் கோப்பு உரிமை கொடுக்கலாமே? இந்த எண்ணத்தை மிகத் தீவிரமாகச் செய்து பார்த்தவை ஜாவாவும் டாட்நெட்டும். அந்த முயற்சியின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்; இந்தத் துறையில் இவ்வளவு அறிவும் உழைப்பும் செலவான வேறு தோல்விகள் அதிகம் இல்லை.

1998 டிசம்பரில் வந்த ஜாவா 1.2, கொள்கைக் கோப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. இந்த இடத்திலிருந்து வந்த நிரல் இந்தக் கோப்புறையைப் படிக்கலாம், அந்தக் கோப்புறையில் எழுதலாம் என்று வரிவரியாக அதில் எழுதலாம். 2002-ல் வந்த டாட்நெட்டும் 'கோட் ஆக்சஸ் செக்யூரிட்டி' என்ற பெயரில் இதே வழியில் போனது. ஏஎஸ்பி டாட்நெட் 1.1-இல் ஃபுல், ஹை, மீடியம், லோ, மினிமல் என்று ஐந்து நம்பிக்கை நிலைகள் வந்தன. மீடியம் நிலையில் ஓடும் செயலி தன் சொந்தக் கோப்புறையைத் தாண்டி எதையும் தொட முடியாது. ஹோஸ்டிங் நிறுவனங்கள் பல அந்த நிலையையே வாடிக்கையாளர்களுக்குத் தந்தன.

இதன் உள்ளே வேலை செய்த உத்தி அழகானது. கோப்பைத் திறக்கும் கணத்தில் இயக்கச்சூழல் அழைப்பு வரிசையைப் பின்னோக்கி ஏறிப் பார்க்கும்: இந்தச் செயற்கூற்றை அழைத்தது யார், அதை அழைத்தது யார், அதற்கும் மேலே யார்? வரிசையில் உள்ள ஒவ்வொருவருக்கும் அந்த உரிமை இருந்தால்தான் கோப்பு திறக்கும். உரிமையில்லாத நிரல் உரிமையுள்ள லைப்ரரியை அழைத்துத் தன் காரியத்தைச் சாதித்துக்கொள்ள முடியாது. ஆனால் உண்மையில் சில நேரம் அது தேவைப்படும். செயலிக்குக் கோப்புரிமை வேண்டாம், அதன் ஒரு பகுதி மட்டும் ஒரு குறிப்பிட்ட அமைப்புக் கோப்பைப் படித்தாக வேண்டும் என்றால், அந்தப் பகுதியைத் தனி அசெம்பிளியாகப் பிரித்து, கையொப்பமிட்டு, கணினியின் பொது இடத்தில் நிறுவி, பாதி நம்பிக்கையுள்ளவர்களும் இதை அழைக்கலாம் என்று குறிப்பு வைத்து, கோப்பைத் திறக்கும் வரிக்கு முன் 'அசெர்ட்' செய்ய வேண்டும். பின்னோக்கி ஏறும் சோதனை அந்த வரியோடு நின்றுவிடும். ஜாவாவில் இதற்கு 'டூ பிரிவிலேஜ்ட்' என்று பெயர்.

பிரச்சினையும் அங்கேதான். அசெர்ட் செய்யும் ஒவ்வொரு செயற்கூறும் தன்னை அழைப்பவர் கொடுக்கும் விவரத்தைத் தானே முழுமையாகச் சரிபார்த்தாக வேண்டும். ஆயிரக்கணக்கான வகுப்புகள் உள்ள அடிப்படை லைப்ரரியில் ஒரே ஓர் இடத்தில் கவனம் பிசகினால் மொத்தக் காவலும் போயிற்று. ஜாவா அப்லெட்டுகளில் 2012 ஆகஸ்டிலும் 2013 ஜனவரியிலும் நடந்தது அதுதான். உலாவியில் ஜாவாவை நிறுத்திவையுங்கள் என்று அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே சொல்லும் அளவுக்குப் போனது. மறுபுறம், சரியான கொள்கைக் கோப்பு எழுதுவது நிரலாளர்களுக்குப் பெரும் சுமை. ஒரு லைப்ரரி புதிய பதிப்புக்குப் போனால் பட்டியல் உடையும். எதற்கு எது தேவை என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. கடைசியில் எல்லாவற்றுக்கும் எல்லா உரிமையும் என்று ஒரு வரி எழுதிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். 777-ஐப் போடும் கையும் அந்த வரியை எழுதும் கையும் ஒன்றுதான்.

2010-ல் டாட்நெட் 4 அந்தக் கொள்கை அமைப்பைக் கைவிட்டது. ஏஎஸ்பி டாட்நெட்டின் பாதி நம்பிக்கை நிலையைச் செயலிகளுக்கு இடையிலான பாதுகாப்பு எல்லையாக நம்ப வேண்டாம், தனித்தனி அப்ளிகேஷன் பூலில் பிரித்து ஓட்டுங்கள் என்று மைக்ரோசாஃப்ட் பின்னர் சொன்னது. 2016-ல் வந்த டாட்நெட் கோரில் அது அறவே இல்லை. ஜாவா தன் 'செக்யூரிட்டி மேனேஜர்' ஏற்பாட்டை 2021-ல் 17-ஆம் பதிப்பில் நீக்கப்படும் பட்டியலில் சேர்த்து, 2025 மார்ச்சில் வந்த 24-ஆம் பதிப்பில் நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்தது.

கையில் கொடுத்த கோப்பு

இந்தத் தோல்விகளுக்கு அடியில் இருக்கும் காரணத்தை 1988-ல் நார்ம் ஹார்டி ஒரு சிறிய கட்டுரையில் விளக்கிவிட்டார். டைம்ஷேர் நிறுவனத்தின் கணினியில் ஒரு கம்பைலர் இருந்தது. பயன்பாட்டுப் புள்ளிவிவரம் எழுதுவதற்காக, தான் இருக்கும் கோப்புறையில் எழுதும் உரிமை அதற்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அதே கோப்புறையில்தான் வாடிக்கையாளர்களின் கட்டணக் கணக்குக் கோப்பும் இருந்தது. பயனர் ஒருவர், பிழைத்திருத்த விவரத்தை எந்தக் கோப்பில் எழுதட்டும் என்று கம்பைலர் கேட்கும் இடத்தில் அந்தக் கட்டணக் கோப்பின் பெயரைக் கொடுத்தார். பயனருக்கு அதைத் தொட உரிமை இல்லை. கம்பைலருக்கு இருந்தது. கட்டணக் கணக்கு அழிந்துபோனது.

கம்பைலர் யார் பேரில் எந்த அதிகாரத்தைப் பயன்படுத்துகிறோம் என்று தெரியாமல் குழம்பியது. இன்றைய வலைச் செயலிகளில் '../' வழியாக நடக்கும் தாக்குதல் ஒவ்வொன்றும் இந்தக் கதையின் மறுபதிப்பே. கோப்பின் பெயர் ஓர் இடத்திலிருந்து வருகிறது, அதைத் திறக்கும் அதிகாரம் வேறோர் இடத்திலிருந்து வருகிறது. பெயரும் அதிகாரமும் சேர்ந்தே கைமாற வேண்டும் என்பது ஹார்டி காட்டிய வழி. பத்திரம் ஒன்று வேண்டும் என்று கேட்டு வந்தவரிடம் பீரோ சாவியைக் கொடுக்காமல், நாமே பீரோவைத் திறந்து அந்த ஒரு பத்திரத்தை எடுத்துக் கையில் கொடுப்பதைப் போன்றது அது.

உலாவி 1995-லேயே இதைச் செய்துவிட்டது. அதை ஒரு பாதுகாப்புச் சாதனையாக அதிகம் பேர் பார்ப்பதில்லை. படிவத்தில் உள்ள 'கோப்பைத் தேர்ந்தெடு' பொத்தானை அழுத்துகிறோம். திறக்கும் பெட்டி உலாவியுடையது, தளத்துடையது அல்ல. நம் வட்டில் என்னென்ன இருக்கிறது என்று தளத்துக்குத் தெரியாது. நாம் சுட்டிய ஒரே ஒரு கோப்பு மட்டும் அதன் கைக்குப் போகிறது, அது எந்த வழியில் இருந்தது என்ற விவரம்கூடப் போவதில்லை. தேர்ந்தெடுப்பதும் அனுமதிப்பதும் ஒரே செயலில் முடிந்துவிடுகின்றன. அனுமதி கேட்டு எரிச்சலூட்டும் தனிப் பெட்டி எதுவும் வருவதில்லை. எத்தனையோ கோடிப் பேர் எந்தப் பயிற்சியும் இல்லாமல் சரியாகப் பயன்படுத்தும் கோப்பு அனுமதி முறை இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

2020 அக்டோபரில் குரோம் 86 இதை ஒரு படி நீட்டியது. பயனர் ஒரு கோப்பையோ முழுக் கோப்புறையையோ தேர்ந்து கொடுத்தால், வலைச் செயலி அதைப் படித்து, அனுமதி பெற்று, அதிலேயே திரும்ப எழுதவும் செய்யலாம். இயங்குதளக் கோப்புறைகளை உலாவி மறுத்துவிடும். ஃபயர்பாக்ஸும் சஃபாரியும் இந்த அளவுக்கு வரவில்லை. பயனரின் கோப்புகளோடு தொடர்பில்லாத, தளத்துக்கென்று ஒதுக்கிய தனிச் சேமிப்பிடம் ஒன்றை மட்டும் தருகின்றன. ஃபுளோரிடா இன்டர்நேஷனல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல், குரோமின் இந்த வசதியைக் கொண்டு பயனர் தந்த கோப்புறையை உலாவிக்குள்ளிருந்தே பூட்டிப் பணயம் கேட்க முடியும் என்று காட்டினார்கள். உலாவியிலேயே ஓடும் உரைத்திருத்திகளுக்கும் வரைகலைக் கருவிகளுக்கும் இந்த வசதி உயிர்நாடி என்பதை மறுக்கவில்லை. ஒரு கோப்பைக் கொடுப்பதும் ஒரு கோப்புறை முழுவதையும் எழுதும் உரிமையோடு கொடுப்பதும் பயனரின் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிவது ஆபத்து. இந்த ஒன்றில் ஃபயர்பாக்ஸின் தயக்கமே எனக்குச் சரியாகப் படுகிறது.

லைப்ரரிகள் விட்டுச்சென்ற கேள்வி

சர்வர் பக்கம் திரும்பினால், இன்றைய பெரிய கவலை அந்நியர் அனுப்பும் கோரிக்கையைவிட நாமே இறக்கிச் சேர்க்கும் லைப்ரரிகள். 2018 ஜூலை 12 அன்று ஈஎஸ்லின்ட்-ஸ்கோப் என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுதியின் 3.7.2 பதிப்பு என்பிஎம்மில் ஏறியது. பராமரிப்பாளர் ஒருவரின் கணக்கைத் திருடி ஏற்றப்பட்டது அது. நிறுவியவரின் வீட்டுக் கோப்புறையில் இருக்கும் என்பிஎம் அமைப்புக் கோப்பைப் படித்து, அதிலுள்ள டோக்கனை வெளியே அனுப்பியது. சில மணி நேரத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அன்று குறிப்பிட்ட நேரத்துக்கு முன் வழங்கிய எல்லா டோக்கன்களையும் என்பிஎம் ரத்து செய்ய வேண்டியதாயிற்று. நிரலின் பாணியைச் சரிபார்க்கும் கருவிக்குத் துணையான தொகுதி அது. வீட்டுக் கோப்புறையைப் படிக்க அதற்கு எந்த அவசியமும் இல்லை. அவசியமில்லாத உரிமையை யாரும் கேட்டு வாங்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. நிறுவியவரின் கணக்கோடு தானாக வந்தது.

நோட்.ஜேஎஸ்ஸை உருவாக்கிய ரயன் டால் அதே 2018-ல் அதன் வடிவமைப்பில் வருந்தும் விஷயங்களைப் பட்டியலிட்டபோது, பாதுகாப்பைக் கவனிக்காமல் விட்டதையும் சொன்னார். 2020 மே மாதம் அவர் வெளியிட்ட டீனோ, கேட்காமல் எந்தக் கோப்பையும் திறப்பதில்லை. இயக்கும்போதே இந்தக் கோப்புறையைப் படிக்கலாம், அதில் எழுதலாம் என்று சொல்ல வேண்டும். 2023-ல் நோட் 20 அதையொட்டி ஓர் அனுமதி முறையைச் சோதனையாகச் சேர்த்து, பிறகு நிலைப்படுத்தியது. இரண்டும் நல்ல முன்னேற்றங்கள். ஆனால் இரண்டிலும் உரிமை முழு இயக்கத்துக்கும் ஒன்றே. செயலிக்குப் படிக்க அனுமதித்த கோப்பை அதிலுள்ள ஒவ்வொரு லைப்ரரியும் படிக்கலாம். தெரியாமல் நடக்கும் தவறைத் தடுக்கத்தான் இது, தீய நோக்கோடு எழுதிய நிரலுக்கு எதிராக உத்தரவாதம் இல்லை என்று நோட் ஆவணம் நேர்மையாகவே சொல்கிறது. லைப்ரரிக்கு லைப்ரரி உரிமையைப் பிரிக்கும் கேள்வி ஜாவாவும் டாட்நெட்டும் விட்டுச்சென்ற இடத்திலேயே நிற்கிறது.

இயங்குதளங்களோ இந்த இடைவெளியில் வெகுதூரம் வந்துவிட்டன. ஓபன்பிஎஸ்டி 2018-ல் 6.4 பதிப்பில் தந்த 'அன்வீல்' கொண்டு, ஒரு நிரல் தான் தொடங்கியதும் தனக்கு இன்னின்ன வழிகள் மட்டும் தெரிந்தால் போதும் என்று அறிவித்துவிடலாம். அதன் பிறகு மற்றவை அதன் கண்ணுக்கு இல்லை. 2021-ல் லினக்ஸ் 5.13-இல் வந்த லேண்ட்லாக், ரூட் அதிகாரம் இல்லாத நிரலும் தன்னைத்தானே இப்படிக் கட்டுப்படுத்திக்கொள்ள வழி செய்தது. இதற்கெல்லாம் நிரலைத் திருத்த வேண்டும் என்று தயங்குபவர்களுக்கு சிஸ்டம்டி இருக்கிறது: வட்டு முழுவதும் படிக்க மட்டும், இந்த ஒரு கோப்புறையில் எழுதலாம், வீட்டுக் கோப்புறைகள் தெரியவே வேண்டாம் என்று சர்வீஸ் கோப்பில் மூன்று வரி. டாக்கர் கன்டெய்னரையும் படிக்க மட்டுமானதாக ஓட்டலாம். இவை எல்லாமே வெளியே நின்று காப்பவை.

வட்டிலிருந்து கிளவுடுக்கு மாறினால் இந்தக் கேள்வி தீர்ந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். 2019-ல் கேப்பிடல் ஒன் வங்கியில் அமெரிக்காவிலும் கனடாவிலுமாகப் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரம் களவு போனது. தவறாக அமைத்த ஃபயர்வால் ஒன்றை ஏமாற்றி, அதற்குக் கொடுத்திருந்த ஐஏஎம் அதிகாரத்தைக் கைப்பற்றினார் தாக்கியவர். அந்த அதிகாரம் சேமிப்புக் கிடங்குகளைப் பட்டியலிடவும் படிக்கவும் போதுமானதாக இருந்தது. இது 1988-ன் கம்பைலர் கதையேதான்.

ஒவ்வொரு நிரலும் தன் வேலைக்கு வேண்டிய மிகக் குறைந்த அதிகாரத்தோடு ஓட வேண்டும் என்று 1975-லேயே சால்ட்ஸரும் ஷ்ரோடரும் எழுதிவிட்டார்கள். அதைச் செய்யத் தேவையான கருவிகள் இன்று ஒவ்வொரு லினக்ஸ் சர்வரிலும் விலையில்லாமல் கிடக்கின்றன. ஆனாலும் 777 போகவில்லை என்றால், அதைப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் நாம்தான். ஆகவே தமிழில் வலைநிரலாக்கம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், காணொளி எடுப்பவர்களுக்கும், வகுப்பு நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'பெர்மிஷன் டினைடு' வரும் இடத்தில் ஒரு நிமிடம் நின்று, அந்த நிரல் எந்தக் கணக்கில் ஓடுகிறது, அந்தக் கோப்புறை யாருடையது என்று மாணவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். உரிமையாளரை மாற்றும் கட்டளையைக் கற்றுக்கொடுங்கள். பதிவேற்றக் கோப்புறையைத் தளத்துக்கு வெளியே வைக்கும் முறையை முதல் பாடத்திலேயே காட்டுங்கள். உங்கள் பழைய பாடக்குறிப்புகளில் 777 இருந்தால் இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.